பாட்டுக்குப் பாட்டு வால்யூம் குதிப்பது ஏன்?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டிலிருந்த சிடிக்களை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டோம். ஹாலில் ஆம்ப்ளிஃபயர், சமையலறையில் சின்ன ஸ்பீக்கர், இரண்டுக்கும் வைஃபையில் பாட்டு போகிறது. பழைய சினிமாப் பாட்டு முடிந்து புதுப் படப் பாட்டு வந்தால் கண்ணாடி அலமாரி அதிர்கிறது. வால்யூமைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தால் அடுத்து வரும் ஆலாபனை காதிலேயே விழவில்லை. இன்னும் நல்ல டிஏசி வாங்கினால் சரியாகுமா?"

ஆகாது. டிஏசி என்பது எண்களை மின்னழுத்தமாக மாற்றும் பெட்டி, அவ்வளவுதான். வந்த எண் பெரிதா சிறிதா என்று அது ஆராய்வதில்லை. இதற்கு மருந்து மியூசிக் லைப்ரரியை நிர்வகிக்கும் மென்பொருளில் இருக்கிறது, அதுவும் இலவசமாக.

முதலில் சர்வரைப் பற்றி, அதாவது பாட்டுகளை வைத்திருந்து அனுப்பும் கம்ப்யூட்டரைப் பற்றி, சுருக்கமாக. பெங்களூருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் பழைய லேப்டாப்போ, ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கம்ப்யூட்டரோ போதும். அதில் லிரியான் மியூசிக் சர்வரை நிறுவலாம். ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற நெட்வொர்க் பாட்டுப் பெட்டிகளுக்காக எழுதப்பட்ட மென்பொருள் இது. பெட்டிகளின் விற்பனை 2012-ல் நின்றுவிட்டது, மென்பொருளை மட்டும் தன்னார்வலர்கள் இன்றுவரை வளர்த்துக்கொண்டு வருகிறார்கள். பிளேயர் பக்கம் இன்னொரு ராஸ்பெரி பையில் பைகோர்பிளேயர் என்ற மென்பொருள், அதிலிருந்து யூஎஸ்பி டிஏசி, அதிலிருந்து ஆம்ப்ளிஃபயர். ஃபோன் வெறும் ரிமோட். பைக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டரே வேண்டும். கையில் கிடைத்த ஃபோன் சார்ஜரைச் செருகினால் மின்னழுத்தம் தொய்ந்து, ஹார்ட் டிஸ்க் நடுப்பாட்டில் கழன்றுகொள்ளும். சிடியை, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக வைத்தால் ஒரு ஆல்பம் சுமார் 350 எம்பி. 1 டிபி டிஸ்க்கில் 2,800 ஆல்பம் போல அடங்கும்.

இனி வால்யூம் விவகாரம். சிடியில் ஒரு எண் தொடக்கூடிய உச்சவரம்பு நிலையானது, அதற்கு மேல் இடமே இல்லை. பழைய ஒலிப்பதிவுகளில் மிருதங்கத்தின் ஒரு அடி மட்டும் அந்த வரம்பைத் தொடும், மற்றதெல்லாம் வெகு கீழே நிற்கும். 1990-களிலிருந்து, ரேடியோவில் பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு எடுப்பாகக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், உச்சிகளை அமுக்கும் கம்ப்ரெஸரும் லிமிட்டரும் போட்டு எல்லாவற்றையும் கூரையோடு ஒட்டவைத்தார்கள். இரண்டு பாட்டுக்கும் உச்சம் ஒன்றே, சராசரிதான் வேறு. ஆகவே உச்சத்தைப் பார்த்துச் சமன்படுத்தும் 'நார்மலைஸ்' பொத்தான் இங்கே உதவாது. காது உச்சத்தை அளப்பதில்லை.

காது எதை அளக்கிறது? டிவி விளம்பரங்களின் கூச்சல் மீது உலகெங்கும் எழுந்த புகார்கள்தான் இதற்கு ஒரு விடையைக் கொண்டுவந்தன. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் பிஎஸ்.1770 என்ற அளவீட்டு முறையை வெளியிட்டது. இதன் பின்னால் இருந்த கேட்புச் சோதனைகளில் பெரும்பங்கு கனடா அரசின் தகவல்தொடர்பு ஆராய்ச்சி மையத்தில் நடந்தவை. பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி, சூத்திரமும் யாருக்கும் திறந்தே கிடக்கிறது. 'இதனால் என்ன லாபம்' என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்கான நிதியை வெட்டுகிறவர்கள் இந்த ஒரு சூத்திரம் இன்று எத்தனை ஃபோனில் ஓடுகிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

சூத்திரம் வேலை செய்யும் விதம் அழகானது. முதல் படியில் ஒலி ஒரு வடிகட்டி வழியாகப் போகிறது. மனிதத் தலையை ஒரு கெட்டியான உருண்டையாகப் பாவித்து, அது காதருகே மேல்சுருதி ஒலிகளைச் சற்றே கூட்டுவதை இந்த வடிகட்டி போலச் செய்கிறது: சுமார் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவை 4 டெசிபல் அளவுக்கு உயர்கின்றன. அடியில் உள்ள முழக்கம், காதுக்கு அவ்வளவாக எட்டாததால், வெட்டப்படுகிறது. பிறகு பாட்டு 400 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் முந்தையதோடு முக்கால் பங்கு மேற்பொருந்தும், அதாவது 100 மில்லிவினாடிக்கு ஒரு புதுத் துண்டு. ஐந்து நிமிடப் பாட்டுக்குக் கிட்டத்தட்ட 3,000 துண்டுகள். ஒவ்வொன்றின் ஆற்றலும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது.

எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் முடிந்தது என்று நினைப்போம். அப்படிச் செய்தால் இடையிடையே வரும் மௌனம் சராசரியை இழுத்துக் கீழே தள்ளிவிடும். அதற்காக 2011-ல் இரண்டு வாசல்கள் சேர்க்கப்பட்டன. உச்சவரம்பை ஒட்டிய ஒலியைப் பூஜ்யமாக வைத்து அளக்கும்போது மைனஸ் 70-க்குக் கீழே உள்ள துண்டுகள் முதல் வாசலிலேயே கழிந்துவிடும். மிஞ்சியவற்றின் சராசரியை எடுத்து, அதைவிட 10 அலகு கீழே இரண்டாவது வாசல். அதற்குக் கீழுள்ளவையும் வெளியே. தப்பிப் பிழைத்தவற்றின் சராசரிதான் அந்தப் பாட்டின் உரப்பு. அலகின் பெயர் எல்யூஎஃப்எஸ். ஒரு அலகு ஒரு டெசிபலுக்குச் சமம்.

கச்சேரிப் பதிவில் இது என்ன செய்கிறது பாருங்கள். தம்பூரா விடாமல் ஒலிப்பதால் முதல் வாசலுக்கு அநேகமாக வேலையே இல்லை. எல்லாம் இரண்டாவது வாசலில்தான். ஒரே கோப்பில் 20 நிமிடம் ஆலாபனை மைனஸ் 30-லும், அடுத்த 20 நிமிடம் கீர்த்தனையும் தனி ஆவர்த்தனமும் மைனஸ் 16-லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் மைனஸ் 23 என்று சொல்லத் தோன்றும். ஆனால் கூட்டப்படுவது டெசிபல் அல்ல, ஆற்றல். மைனஸ் 30-ன் ஆற்றல் 0.001, மைனஸ் 16-ன் ஆற்றல் 0.025, கிட்டத்தட்ட 25 மடங்கு. சராசரி மைனஸ் 18.8-ல் வந்து நிற்கும். வாசல் மைனஸ் 28.8. ஆலாபனை மைனஸ் 30. முழு ஆலாபனையும் வெளியே! கணக்குக்கு எஞ்சுவது கீர்த்தனையும் தனி ஆவர்த்தனமும் மட்டும், விடை மைனஸ் 16.

அதே ஆலாபனை மைனஸ் 28-ல் பாடப்பட்டிருந்தால் வாசல் மைனஸ் 28.7-ல் நிற்கும், ஆலாபனை உள்ளே வந்துவிடும், விடையும் மைனஸ் 18.7 ஆகிவிடும். இரண்டே டெசிபல் வித்தியாசம் முடிவைக் கிட்டத்தட்ட மூன்று டெசிபல் நகர்த்துகிறது. உண்மையான ஆலாபனை இப்படி ஒரே மட்டத்தில் போவதில்லை, தார ஸ்தாயிக்கு ஏறும்போது உள்ளே, மந்திரத்தில் இறங்கும்போது வெளியே என்று துண்டு துண்டாகக் கணக்கில் சேரும். தனி முடிந்ததும் எழும் கைதட்டலையும் சூத்திரம் சங்கீதமாகவே எண்ணிக்கொள்ளும் என்பது வேறு வேடிக்கை. அகில இந்திய வானொலியின் ஒலிநாடாக்களைக் கொண்டு, தம்பூராவோடு போகும் சங்கீதத்துக்கு இந்த 10 என்ற எண் பொருந்துகிறதா என்று ஒரு கேட்புச் சோதனைக்கு நம் ஊரில் நிதி ஒதுக்கினால் தகும்.

இந்த அளவை வீட்டுக்குக் கொண்டுவருவது ரீப்ளேகெயின் என்ற முறை. அதன் இரண்டாம் பதிப்பின் இலக்கு மைனஸ் 18. மைனஸ் 8-ல் கத்தும் புதுப் பாட்டுக்கு மைனஸ் 10 டெசிபல், மைனஸ் 20-ல் உள்ள பழைய பாட்டுக்குப் பிளஸ் 2 டெசிபல் என்று ஒரு குறிப்பு கோப்பின் டேக்கில், அதாவது பாட்டின் பெயர், பாடகர் போன்ற விவரங்கள் இருக்கும் பகுதியில், எழுதப்படும். ஃப்ளாக் கோப்பில் ஒரு பாட்டுக்கான அந்தக் குறிப்பின் நீளம் சுமார் 30 பைட். ஒலித்தரவில் ஒரு பிட்டும் மாறாது. பிடிக்காவிட்டால் டேக்கை அழித்துவிடலாம்.

குறிப்பு இரண்டு வகை: பாட்டுக்கானது, ஆல்பத்துக்கானது. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். கச்சேரி சிடியில் ஆலாபனை ஒரு ட்ராக், தனி ஒரு ட்ராக் என்று பிரிந்திருந்தால், பாட்டுவாரிக் குறிப்பு ஆலாபனையை 12 டெசிபல் தூக்கும், தனியை 2 டெசிபல் இறக்கும். வித்வான் கட்டிக் காத்த 14 டெசிபல் ஏற்றத்தாழ்வு போயே போச்சு. ஆல்பக் குறிப்பு எல்லா ட்ராக்கையும் ஒரே அளவில் நகர்த்துவதால் கச்சேரி கச்சேரியாக இருக்கும்.

ஆனால் எது ஒரே ஆல்பம் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? டேக்கைப் பார்த்துத்தான். விண்டோஸில் ஃபூபார் 2000 என்ற பிளேயர் ஆல்பம் பெயரையும் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' புலத்தையும் வருடத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அந்தப் புலம் காலியாக இருந்தால் பாடகர் பெயரை எடுத்துக்கொள்ளும். நம் சினிமா ஆல்பத்தில் ஆறு பாட்டு, ஆறு பாடகர்கள். படம் ஆறு ஆல்பமாக உடையும், ஆல்பக் குறிப்பும் பாட்டுக் குறிப்பும் ஒன்றாகிவிடும். ஆகவே ஸ்கேன் செய்வதற்கு முன் டேக்கைத் திருத்துங்கள்: ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இடத்தில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடகர். மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்டு என்ற டேக் திருத்தும் மென்பொருள் பாட்டின் ஒலியைக் கேட்டே அடையாளம் கண்டு நிரப்பித் தரும். ஆனால் பழைய தமிழ்ப் படங்களில் அது தடுமாறினால் கையால்தான் அடிக்க வேண்டும். சேமிக்கும் முன் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

பெயர்களை எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். 'எம்.எஸ். விஸ்வநாதன்', 'எம். எஸ். விஸ்வநாதன்', 'எம்.எஸ்.வி.' என்று மூன்று விதமாக இருந்தால் மென்பொருளுக்கு மூன்று ஆட்கள். இன்னொரு பொல்லாத கேஸ், சீர்காழி கோவிந்தராஜன் பட்டியலில் இரண்டு முறை வருவது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், முன்னே ஒரு கொம்பு பின்னே ஒரு கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். மென்பொருள் இரண்டையும் சமமாக்கிப் பார்க்காவிட்டால் பிரித்துவிடும். ஒரு பெயரை நகலெடுத்து மற்றவற்றின் மேல் ஒட்டிவிடுவதே சுலபமான வழி. எம்பி3 கோப்பாக இருந்தால் பழைய ஐடி3 முதல் பதிப்பு டேக்கை நீக்கிவிடுங்கள். தலைப்புக்கு 30 பைட்தான் அதில் இடம், தமிழ் அங்கே கேள்விக்குறிகளாகத்தான் முடியும்.

டேக் சரியானதும் ஃபூபாரில் எல்லாப் பாட்டையும் தேர்ந்து, வலது கிளிக்கில் ரீப்ளேகெயின், அதில் 'டேக் வழியாக ஆல்பங்களாக ஸ்கேன்'. பிறகு லிரியானில் மாறிய கோப்புகளை மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழைய தரவுத்தளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அதன்பின் பிளேயர் அமைப்பில் ஆடியோ பகுதியில் 'ஸ்மார்ட் கெயின்'. அடுத்தடுத்த பாட்டு ஒரே ஆல்பமென்றால் ஆல்பக் குறிப்பையும், கலந்துகட்டிப் போட்டால் பாட்டுக் குறிப்பையும் அது எடுத்துக்கொள்ளும். ஹாலுக்கும் சமையலறைக்கும் தனித்தனியே அமைக்க வேண்டும்.

போட்டவுடன் 'சத்தம் உயிரில்லாமல் இருக்கிறது' என்று தோன்றும். 10 டெசிபல் குறைந்தால் அப்படித்தான் தோன்றும். உரக்கக் கேட்பது நன்றாகக் கேட்பதாக மனம் எடுத்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபயரைத் திருகிவிடுங்கள். பிட் குறையாதா என்றால், 6 டெசிபலுக்கு ஒரு பிட் கணக்கில் 10 டெசிபலுக்கு ஒன்றே முக்கால் பிட் கீழே நகரும். சிடி 16 பிட், டிஏசி 24 பிட் வாங்கும். நகர இடம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது எதிர்ப்பக்கம்: பிளஸ் குறிப்பு உச்சத்தைக் கூரையில் இடித்துவிடலாம். அதற்காகத்தான் டேக்கில் உச்ச அளவும் எழுதப்படுகிறது. 'கிளிப்பிங் தடுப்பு' இருந்தால் இயக்கிவையுங்கள்.

வைஃபையைப் பொறுத்தவரை வேகம் பிரச்சினையே இல்லை. சுருக்காத சிடி ஒலிக்கே 1.4 எம்பிபிஎஸ்தான். அபார்ட்மென்டில் 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் முட்டிமோதுவதால் பாட்டு திக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், சர்வரை மட்டுமாவது கேபிளில் இணையுங்கள். எந்தக் கேபிள் என்றால் சாதாரண கேட் 6. ஆயிரக்கணக்கில் விலை போட்டு 'ஆடியோஃபைல்' நெட்வொர்க் கேபிள் விற்கிறார்கள். வழியில் தவறிய பாக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்கும் நெறிமுறையில், வந்து சேரும் எண்கள் இரண்டு கேபிளிலும் ஒன்றே. ஆயுத பூஜையன்று சர்வருக்குப் பொட்டு வைப்பதில் செலவாவது குறைவு.

கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடிகளில் ரவுட்டர் அணைந்து எழுந்தால் இரண்டு மூன்று நிமிடம் பாட்டு கிடையாது. ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போட்டுவிடுங்கள். பைகோர்பிளேயர் மெமரியிலேயே ஓடுவதால் திடீரென்று அணைந்தாலும் அதன் கார்டு கெடாது. சர்வருக்கு அந்தச் சலுகை இல்லை, அதையும் யூபிஎஸ்ஸில் சேருங்கள்.

எல்லாம் செய்தும் சமையலறை ஸ்பீக்கர் மட்டும் அடங்கவில்லையென்றால், அது டிஎல்என்ஏ என்ற வீட்டு நெட்வொர்க் பகிர்வு வழியில் கோப்பை நேரடியாக இழுக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட டிவிக்களும் ஸ்பீக்கர்களும் பல, ரீப்ளேகெயின் டேக்கைக் கண்டுகொள்வதே இல்லை. சர்வரிலேயே வால்யூமைத் திருத்தி, மாற்றிய ஒலியை அனுப்பச் சொல்ல வேண்டும். லிரியானுக்குப் பதில் எம்பிடி (மியூசிக் பிளேயர் டீமன்) என்ற மென்பொருளை வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புக் கோப்பில் ரீப்ளேகெயினை 'ஆட்டோ' என்று மாற்ற வேண்டும். நிறுவியபோது அது அணைந்தே இருக்கும்.