தடம்புரட்டி வேண்டாம், சங்கிலிமாற்றி போதும்

கியர் சைக்கிளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடம் ‘தடம்புரட்டி’ என்ற சொல் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. பழைய சாலை சைக்கிளில் முன் கியர் விழவில்லை என்று யாராவது கேட்டால், ‘முன் தடம்புரட்டியின் திருகைச் சரிபாருங்கள்’ என்று பதில் வருகிறது. திருகைப் பற்றிச் சொன்னது சரி. சொல்தான் தவறு. படிக்கிறவரை அது பழுதிலிருந்து விலக்கி வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறது.

முதலில் பொருள். இருக்கையிலிருந்து பெடல் அச்சு வரை இறங்கும் குழாயில், செயின் வீலுக்குச் சற்று மேலே ஒரு பட்டையில் பூட்டியிருக்கும் சிறு கருவி இது. இரண்டு தகடுகள் சேர்ந்த ஒரு கூண்டு, அதன் நடுவே சங்கிலி ஓடுகிறது. கேபிளை இழுத்தால் கூண்டு வெளிப்பக்கம் நகர்ந்து, உள்தகட்டால் சங்கிலியைத் தள்ளிப் பெரிய பற்சக்கரத்தில் ஏற்றும். கேபிளை விட்டால், பெரும்பாலான மாதிரிகளில் சுருள்வில் கூண்டை உள்ளே இழுக்க, வெளித்தகடு சங்கிலியைச் சின்ன சக்கரத்துக்கு இறக்கும். பின்சக்கரத்துப் பிரீவீல் பக்கம் இதே வேலையைச் செய்ய இன்னொரு கருவி இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் பெயர் வேண்டும்.

பிரெஞ்சில் இதை தேராயர் (dérailleur) என்கிறார்கள்; ஆங்கிலமும் அதே சொல்லைக் கடன் வாங்கியது. தண்டவாளத்தை விட்டு விலகுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. உள்ளே இருக்கும் ‘ரெயில்’ லத்தீனில் நேரான கோலைக் குறித்த ரெகுலா. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், இருப்புப்பாதை வந்த காலத்தில் பிரெஞ்சுக்கே திரும்பியது. பிறப்புக் கதை இவ்வளவுதான்.

சண்டை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தடம்புரட்டி என்று ஆக்கியவர் பிரெஞ்சு வேரைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்த் துண்டை வைத்திருக்கிறார். மூலத்துக்கு உண்மையாக இருந்ததாக அவருக்கு நிறைவு. ஆனால் தமிழில் தடம் புரள்வது என்றால் என்ன? ரயில் பெட்டி கவிழ்வது. பேச்சுவார்த்தை கெட்டுப்போவது. ஒழுங்காக இருந்த ஆள் வழிதவறுவது. நல்ல காரியம் ஒன்றுக்குக்கூட அந்தத் தொடர் வராது. ‘புரள்’ தன்வினை, ‘புரட்டு’ பிறவினை, ‘புரட்டி’ அதைச் செய்யும் கருவி. இலக்கணப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் ‘பொய்யும் புரட்டும்’ என்று சேர்த்தே சொல்லிப் பழகிய மொழி இது. கவிழ்ப்பு, கேடு, ஏமாற்று என்ற மூன்று நிழல்களும் படிந்த சொல்லை, சைக்கிளில் மிக ஒழுங்காக ஒரே வேலையைச் செய்யவேண்டிய பாகத்துக்குச் சூட்டுவது நியாயமா?

இன்னொன்று, செயலே பொருந்தவில்லை. சங்கிலி புரளுவதில்லை. ஒரு சக்கரத்தின் பற்களிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த சக்கரத்தின் பற்களில் ஏறிக்கொள்கிறது. ஓட்டம் நிற்பதும் இல்லை. தடத்தை இழப்பது வேறு, அடுத்த தடத்தைப் பிடிப்பது வேறு.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது, பழுதுபார்க்கும்போது வரும் குழப்பம். பழைய சைக்கிளில் முன்பக்கம் அதிகம் வரும் தொல்லை என்ன? சின்ன சக்கரத்துக்கு இறக்கும்போது சங்கிலி அதையும் தாண்டி உள்ளே பெடல் அச்சுப் பக்கம் விழுந்துவிடுவது. நாம் ‘செயின் கழன்றுடுச்சு’ என்போம். தடம்புரட்டிக்காரர்கள் இதை எப்படி எழுதுவார்கள்? ‘தடம்புரட்டியைச் சரியாக வைத்தால் சங்கிலி தடம் புரளாது’ என்றுதான் எழுதவேண்டி வரும். வேலைக்கும் பழுதுக்கும் ஒரே பெயர்! முதன்முறை திருப்புளியைக் கையில் எடுத்தவர் அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தச் சொல் ஏன் உறுத்தவில்லை என்று கேட்கலாம். ஆரம்ப காலத்தில் கியர் மாற்ற வேண்டுமானால் சைக்கிளை நிறுத்தி இறங்கி, சங்கிலியைக் கையால் மாற்றிப் போடுவார்கள். அல்லது பின்சக்கரத்தையே கழற்றித் திருப்பிப் போடுவார்கள். அப்படி இருந்த இடத்தில், ஓடும்போதே சங்கிலியைப் பல்லை விட்டு விலக்கும் கருவி வந்தபோது, அந்த விலக்கல்தான் புதுமையாகத் தெரிந்தது. செயின்ட் எத்தியேன் நகரத்துச் சைக்கிள் எழுத்தாளர் பால் தெ விவி போன்றவர்கள் பல கியர்களுக்காக விடாமல் வாதாடினார்கள். தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்திலோ 1937 வரை இந்தக் கருவிக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தின் வியப்பு அந்தப் பெயரில் இருக்கிறது. நமக்கு வியப்பு தேவையில்லை, வேலை தெரிந்தால் போதும்.

மற்ற மொழிகளும் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டே நிற்கவில்லை. இத்தாலியன் முன்கருவிக்கு மட்டும் அந்த வேரை வைத்துக்கொண்டு, பின்கருவியை காம்பியோ, அதாவது ‘மாற்றம்’, என்கிறது. ஸ்பானிஷில் முன்கருவி டெஸ்வியாடோர், வேறு பக்கம் திருப்பிவிடுவது. டேனிஷில் ஃபோர்ஸ்கிஃப்டர், பாக்ஸ்கிஃப்டர்; நேராகவே முன்மாற்றி, பின்மாற்றி. ஆங்கிலத்திலேயே, அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு ஆங்கில முறையில் எழுதவேண்டும் என்று வாதாடினார். கடன் வாங்கியவர்கள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டபோது, நாம் மட்டும் வேரை ஏன் சுமக்க வேண்டும்?

‘தடமாற்றி’ என்று சிலர் எழுதுகிறார்கள். தடம்புரட்டியை விட எவ்வளவோ மேல். கவிழ்ப்பு போய்விட்டது, நகர்வு வந்துவிட்டது. ஆனால் எதன் தடம் என்று அதில் இல்லை. சைக்கிளைப் பற்றிப் பேசும்போது தடம் என்றால் சாலையில் ஓடும் தடமாகவும் படலாம். ‘தடம் மாறியவன்’ என்பதில் உள்ள பழியும் கொஞ்சம் ஒட்டுகிறது.

‘பல்லிணை மாற்றி’ (பல்லிணை என்றால் கியர்) என்பவர்களுக்கு என் பதில் வேறு. அந்தச் சொல் தேவைதான், ஆனால் இந்தக் கருவிக்கு அல்ல. ஓட்டுகிறவர் விரலால் அசைக்கும் நெம்புகோல்தான் பல்லிணை மாற்றி. பழைய சாலை சைக்கிள்களில் அது முன்பக்கத்திலிருந்து பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்கும் குழாயில் இருக்கும். பழுது நெம்புகோலிலா, சங்கிலியைத் தள்ளும் கூண்டிலா என்று பிரித்துச் சொல்லவே இரண்டு பெயர் வேண்டும்.

பேசாமல் ஆங்கிலச் சொல்லையே எழுதிவிடலாமே? ‘டிரெய்லர்’ என்று எழுதினால் லாரிக்குப் பின்னால் இழுபடும் வண்டி நினைவுக்கு வரும், இல்லையென்றால் சினிமா முன்னோட்டம். முன்கருவிக்கு எஃப்.டி., பின்கருவிக்கு ஆர்.டி. என்ற ஆங்கிலச் சுருக்கம் ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே உதவும். நான் கேபிளையும் பெடலையும் பிரீவீலையும் மாற்றச் சொல்லவில்லை. அவை கடைக்கும் வீட்டுக்கும் பழகிவிட்டன. இந்தக் கருவியின் பெயர் அப்படிப் பழகவில்லை, ஆகவே நல்ல சொல்லுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

என் தேர்வு சங்கிலிமாற்றி. முன்னால் இருப்பது முன் சங்கிலிமாற்றி, பின்னால் இருப்பது பின் சங்கிலிமாற்றி. இடம் தெரிந்துவிட்டால் முன்மாற்றி, பின்மாற்றி என்று சுருக்கலாம். ‘நகர்த்தி’ என்றும் யோசித்துப் பார்க்கலாம், ஆனால் ‘முன்நகர்த்தி’ என்றதும் முன்னோக்கி நகர்த்துவது என்ற பொருள் வந்துவிடும். இந்தக் கருவி தள்ளுவது பக்கவாட்டில். ‘சங்கிலி மாற்றுவது என்றால் கடையில் புதுச் சங்கிலி போடுவதல்லவா’ என்ற மறுப்புக்கு ஒரே பதில்: மின்மாற்றி புது மின்சாரம் போடுவதில்லை. அந்தச் சொல்லில் ‘மாற்றி’ எவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறதோ, இங்கும் அப்படியே உட்காரும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் இன்னும் சில குறைகள் எனக்கு உண்டு. முன்பக்கப் பற்சக்கரத்துக்கு, ஆங்கிலத்து ‘செயின்ரிங்’கை அப்படியே பெயர்த்து, ‘சங்கிலி வளையம்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் சங்கிலி வளையம் என்றால் சங்கிலியில் கோத்திருக்கும் ஒரு கண்ணி! ‘பெரிய சங்கிலி வளையத்தில் சங்கிலியைப் போடுங்கள்’ என்று படித்துவிட்டுச் சங்கிலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பழி யாருடையது? கேபிளின் இழுவிசையை ‘கேபிள் பதற்றம்’ என்று எழுதியவற்றையும் படித்திருக்கிறேன். மனிதருக்கு வருவது பதற்றம், கம்பிக்கு வருவது இறுக்கம். சைக்கிளைத் தொட்டுப் பார்த்த ஒருவரிடம் ஒரு முறை படித்துக் காட்டியிருந்தால் இந்த இரண்டுமே அச்சுக்கு வந்திருக்காது. அகராதியை மட்டும் பார்த்துத் தொழில் எழுத முடியாது.

சரி, சொல் வேலை செய்கிறதா என்று ஒரு பழுதை எழுதியே பார்க்கலாம். 1980களின் சாலை சைக்கிள், முன்னால் இரண்டு பற்சக்கரம், குழாயில் உராய்வால் நிற்கும் நெம்புகோல், கியர் ஒழுங்காக விழவில்லை.

திருகைத் தொடுவதற்கு முன் முன்மாற்றியின் மூட்டுகளைப் பாருங்கள். பல வருட எண்ணெயும் தூசியும் இறுகியிருந்தால், சுருள்வில் எவ்வளவு இழுத்தாலும் கூண்டு திரும்பி வராது. மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேய்த்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கையால் அசைத்துப் பாருங்கள். கேபிளில் இழை பிரிந்திருந்தால் புதிது போடுங்கள். அப்புறம் கருவி நிற்கும் இடம். கூண்டைக் கையால் பெரிய சக்கரத்துக்கு மேல் கொண்டுவரும்போது, வெளித்தகட்டின் கீழ்விளிம்பு பற்களுக்கு மேல் 1 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் தகடு சக்கரத்துக்கு இணையாகத் தெரிய வேண்டும். பட்டை வழுக்கி இறங்கியோ திரும்பியோ இருந்தால், எந்தத் திருகைத் திருப்பினாலும் பயன் இல்லை.

இனி, கூண்டு உள்ளேயும் வெளியேயும் எவ்வளவு தூரம் போகலாம் என்று கட்டுப்படுத்தும் எல்லைத் திருகுகள் இரண்டு. முன்னால் சின்ன சக்கரம், பின்னால் பெரிய பற்சக்கரம். இந்த நிலையில் உள்தகடு சங்கிலியைத் தொடாமல் மிக நெருங்கி நிற்கும்படி உள் எல்லைத் திருகை வையுங்கள். நெம்புகோலை முழுவதும் தளர்த்திவிட்டு, கேபிளின் தொய்வை இழுத்துப் பூட்டுங்கள். பிறகு முன்னால் பெரிய சக்கரம், பின்னால் சின்ன பற்சக்கரம். இப்போது வெளித்தகட்டுக்கு வெளி எல்லைத் திருகு. சங்கிலி உள்ளே கழன்று விழுந்தால் உள் எல்லையைக் கால் சுற்று இறுக்குங்கள், பெடல் பக்கம் தாண்டினால் வெளி எல்லையை.

ஏற்றிய சிறிது நேரத்தில் சங்கிலி தானாகச் சின்ன சக்கரத்துக்கு இறங்கினால், குற்றம் முன்மாற்றியில் இல்லாமலும் இருக்கலாம். பல்லிணை மாற்றியின் நடுத்திருகு தளர்ந்து, சுருள்வில்லின் இழுப்புக்கு நெம்புகோல் விட்டுக்கொடுக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு விஷயம், முன்மாற்றி தள்ளுவது பெடலின் முழு இழுப்பையும் தாங்கும் மேல்பக்கச் சங்கிலியை. அதனால் மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் ஏறாது. மாற்றும் நொடியில் காலின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, பின்பக்கப் பற்சக்கரம் மாறும்போது சங்கிலி கூண்டில் உரசும் சத்தம் கேட்டால் அது பழுதல்ல, நெம்புகோலை ஒரு மயிரிழை நகர்த்தினால் நின்றுவிடும்.