பந்தல் இலையில் சாம்பல் பூத்தால்

தை, மாசியில் கொங்குத் தோட்டங்களில் மழை இருக்காது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், விடியற்காலையில் பனி இறங்கும். பொங்கலூர், உடுமலைப் பக்கத்துப் பந்தல்களில் புடலை, பீர்க்கன், பாகல் இலைகளில் விபூதி தூவியதுபோல் வெள்ளைப் பொடி படிவதும் அப்போதுதான். இதுதான் சாம்பல் நோய், ஒரு பூசணம். மழையே இல்லாதபோது பூசணம் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான இலைப் பூசணங்களின் வித்து முளைக்க, இலைமேல் சில மணி நேரம் தண்ணீர் நிற்க வேண்டும். சாம்பல் நோய்ப் பூசணத்துக்கு அது வேண்டியதில்லை. தேவையான நீரை அதன் வித்து தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் போதும். தண்ணீரில் கிடந்தால் உள்ளதும் கெட்டுப்போகும். கனமழை பெய்தால் நோய் அடங்குவது அதனால்தான். 20 முதல் 27 டிகிரி வெப்பமும் நிழலும் அதற்குத் தோது. வித்து விழுந்து ஒரு வாரத்துக்குள் அதே இடத்திலிருந்து புது வித்துகள் கிளம்பிவிடும். தைமாதக் கிழக்குக் காற்று அவற்றை வரிசை வரிசையாகக் கொண்டுபோகும்.

இந்தப் பூசணத்தின் இழைகள் இலையின் மேற்பரப்பிலேயே படரும். மேல்தோல் செல்களுக்குள் உறிஞ்சிகளை மட்டும் இறக்கிச் சாற்றை எடுக்கும். உடல் முழுக்க வெளியே கிடப்பதால், மருந்து நேராகப் பட்டால் அழியும். படாத இடத்தில் தப்பிக்கும்.

மருந்து வாங்கும் முன் இலையை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி விரலில் ஒட்டி வந்தால் சாம்பல் நோய். இலையின் மேலே நரம்புகளுக்கு இடையில் மஞ்சள் கட்டங்களும், அடியில் சாம்பலோ ஊதாவோ கலந்த பூசணமும் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறது. இரண்டும் வேறு வேறு உயிரிகள், மருந்தும் வேறு. அடிச்சாம்பலுக்கு அடிக்கும் மெட்டலாக்சில் சாம்பல் நோயைத் தொடாது. பணம் அதிகம் வீணாவது இந்தக் குழப்பத்தில்தான்.

சாம்பல் நோய் வெண்டையிலும் வரும். அதற்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத்தூள்) நல்ல மருந்து: லிட்டருக்கு 2 கிராம், 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம். முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்ததுமே, இலையின் இருபுறமும் நனைய அடிக்க வேண்டும். உச்சிவெயிலில், 32 டிகிரிக்கு மேல் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தாலும் கருகும். பந்தல் கொடிகளோ கந்தகத்தையே தாங்காதவை. கந்தகத்தூள் பக்கமே போக வேண்டாம்.

கொடிகளுக்குப் பால் கைகொடுக்கும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், சுரைக்காய் குடும்பத்தைச் சேர்ந்த சுக்கினி பயிரில் பால் கரைசல் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்துவதை 1999-ல் பிரேசில் ஆய்வாளர் வேக்னர் பெட்டியோல் வெளியிட்டார். 1 லிட்டர் பசும்பாலில் 9 லிட்டர் தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறை அடிக்கலாம். புள்ளி தோன்றும்போதே தொடங்கினால்தான் பலன். பந்தல் முழுக்க வெளுத்த பிறகு பாலை ஊற்றிப் பயனில்லை. அந்த நிலையில் இலைக்குள் ஊடுருவும் மருந்துதான் வழி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் பழகிக்கொள்ளும். வேறு வகை மருந்தை மாற்றி மாற்றி அடியுங்கள். காய் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பறிக்கப்படுவதால், மருந்து அடித்தபின் பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாளை லேபிளில் பார்த்துவிட்டு வாங்குவது முக்கியம்.

யூரியா மிஞ்சினால் தளதளவென்று இளந்தளிர் கிளம்பும். பூசணத்துக்கு அதுதான் விருந்து. அடியிலுள்ள பழுத்த இலைகளைக் கிள்ளி, பந்தலுக்குள் காற்றும் வெளிச்சமும் போக வழிவிடுங்கள்.

பறிப்பு முடிய இரண்டு வாரமே இருந்தால் மருந்துச் செலவு வேண்டாம். ஆனால் பறிப்பு முடிந்த கொடியைப் பச்சையாகவே பந்தலில் விட்டுவைக்காதீர்கள். உயிருள்ள இலையில்தான் இந்தப் பூசணம் வளரும். பக்கத்தில் இளங்கொடி இருந்தால் அங்கிருந்துதான் வித்து பறக்கும். அடியோடு அறுத்து விட்டால், கொடி காய்ந்ததும் வித்து பறப்பதும் நின்றுபோகும்.