டயாலிசிஸ் நோயாளியிடம் ஆய்வுக்குச் சம்மதம் கேட்டால்

சிறுநீரக நோய் பற்றிய ஆய்வில் சேருவதும் சேராததும் நோயாளியின் விருப்பம். உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஏற்று, 2024இல் மீண்டும் திருத்திய ஹெல்சிங்கி பிரகடனம், அதாவது மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறைகள், இதைத் தெளிவாகச் சொல்கிறது. அது தன்னளவில் சட்டம் அல்ல. ஆனாலும் பல நாடுகளின் ஆய்வு விதிகளும் நெறிமுறைக் குழுக்களும் அதைப் பின்பற்றுகின்றன.

டயாலிசிஸில், அதாவது சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சையில், இருப்பவர்களுக்கு மிகவும் பயன்படும் விதி ஒன்று அதில் உண்டு. பெரும்பாலானோர் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அளவுக்கு, ஒரே பிரிவில், ஒரே மருத்துவரையும் செவிலியர்களையும் நம்பி இருக்கிறார்கள். அவர்களே வந்து படிவத்தை நீட்டினால் மறுக்க மனம் வருமா? மருத்துவரைச் சார்ந்திருப்பவர் அந்தத் தயக்கத்தாலேயே சம்மதிக்கக்கூடும் என்ற நிலையில், அவரோடு அத்தகைய தொடர்பில்லாத, தகுதியுள்ள வேறொருவர்தான் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது பிரகடனம். மறுத்தாலும் பாதியில் விலகினாலும் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை குறையக் கூடாது. விலகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை திரட்டிய தகவலை என்ன செய்வார்கள் என்பதை மட்டும் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நோக்கம், செய்முறை, வரக்கூடிய தொல்லைகள், எதிர்பார்க்கும் பலன், பணம் தருபவர் யார் என்பதெல்லாம் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். இயந்திரத்தோடு இணைந்திருக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கலாம், களைப்பும் சேரும். அந்த நேரத்தில் கையெழுத்து வாங்குவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. தகவல் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, குடும்பத்தினரோடு படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாய்மொழியாகச் சம்மதிக்கலாம். அதற்குச் சாட்சியும் பதிவும் வேண்டும்.

வாழ்க்கைத் தரம் பற்றிய ஆய்வுகளில் ஊசி, மருந்து எதுவும் இல்லாமல் வினாத்தாள் மட்டும் இருக்கலாம். அதிகம் பயன்படும் ஒன்றில் 36 கேள்விகள்: வலி, மனச்சோர்வு, அரிப்பு, தண்ணீர்க் கட்டுப்பாடு, பிறரைச் சார்ந்திருக்கும் வருத்தம், தாம்பத்திய உறவு வரை. சங்கடமான கேள்வியை விட்டுவிடலாம். பதில்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். ஆனால் இத்தகைய ஆய்வுகளை வீண் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஹீமோடயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே செய்யும் டயாலிசிஸ்) ஆய்வுகள் எதை அளக்க வேண்டும் என்று நோயாளிகளையும் மருத்துவர்களையும் சேர்த்துக் கேட்ட சர்வதேச முயற்சியில், உயிரிழப்பு, இதய நோய் ஆகியவற்றோடு களைப்பும் முதன்மைப் பட்டியலில் இடம்பெற்றது. ரத்தப் பரிசோதனை காட்டாத அந்தக் களைப்பை நோயாளியின் வாயிலிருந்துதான் அறிய முடியும்.

மருந்தோ புதிய முறையோ சோதிக்கும் ஆய்வென்றால், பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள் என்பது படிவத்தில் இருக்க வேண்டும். ஆய்வின் பொதுவான முடிவை அறிந்துகொள்ளும் வாய்ப்பையும் பிரகடனம் உங்களுக்குத் தருகிறது. படிவத்தில் அதற்கு இடமில்லையென்றால் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.