சான்றிதழ் ஃபைல் தடிமனாக இருந்தால் போதாது: மலையில் வேலை பார்க்கும் நர்சுகளுக்கு

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்சு ஒருவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். மடியில் ஒரு ஃபைல். அதில் பதினோரு சான்றிதழ்: நோயாளி பாதுகாப்பு, மருந்துப் பாதுகாப்பு, கை கழுவுதல், தொற்றுத் தடுப்பு. நர்சிங் கவுன்சிலில் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். மூன்றுதான் தேறியது. மற்ற எட்டில் ஆஸ்பத்திரி முத்திரை இருந்தது, மேலாளர் கையெழுத்து இருந்தது. கவுன்சில் அனுமதி எண் இல்லை, எத்தனை மணி நேரம் என்பதும் இல்லை. “அக்கா, நைட் டூட்டி முடிச்சு தூங்காம உட்கார்ந்து கேட்டேனே, அது கணக்கில்லையா?” என்றார். கணக்கில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

விதி இதுதான். நர்சாகப் பதிவு செய்தவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஐந்து வருடத்தில் 150 மணி நேரம் தொடர் கல்வி படித்திருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. வருடத்துக்கு 30 மணி நேரம். டாக்டர்களுக்கு ஐந்து வருடத்துக்கே 30 மணி நேரம்தான். நம் ஊரில் இந்தக் கணக்கைப் பார்ப்பது சென்னையில் இருக்கும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில். நிரந்தரம், ஒப்பந்தம், அரசு, தனியார், தோட்டம் என்ற பிரிவெல்லாம் இதில் கிடையாது. கிராம சுகாதார நர்சுக்கும் பதிவு உண்டு, புதுப்பிப்பும் உண்டு.

எட்டு சான்றிதழ் ஏன் தேறவில்லை? வகுப்பு நடத்துகிறவர் முன்கூட்டியே கவுன்சிலிடம் அனுமதி வாங்கியிருந்தால்தான் அந்த மணி நேரம் உங்கள் கணக்கில் ஏறும். ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் வகுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அனுமதி இல்லாவிட்டால் புதுப்பிப்புக்கு உதவாது. ஆகவே வகுப்புக்குப் பெயர் கொடுக்கும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: கவுன்சில் அனுமதி எண் என்ன, எத்தனை மணி நேரம் கிடைக்கும். “அதெல்லாம் வந்துரும் சிஸ்டர்” என்று பதில் வந்தால் அது வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் வகுப்பானால், எண்ணைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கையெழுத்து. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் போதும், முந்தின நாள் சாயங்காலம் ஒரு ரிஜிஸ்டர் வார்டு வார்டாகச் சுற்றும். நடக்காத வகுப்புக்கு வருகைக் கையெழுத்து. எல்லாரும் போட்டுவிட்டுப் போய்விடுவோம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இன்சுலின் சிரிஞ்சில் இரண்டு வகை உண்டு: சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட், ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட். மருந்து பாட்டிலிலும் அதே 40, 100 என்று இருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் 100 பாட்டில் வந்திருக்கிறது, ட்ரேயில் இருந்தது சிவப்பு மூடி சிரிஞ்சு. புதிதாகச் சேர்ந்த பெண் 20 கோடு வரை இழுத்துப் போட்டிருக்கிறாள். கோட்டில் 20. உள்ளே போனது அரை மில்லி, அதாவது 50 யூனிட். விடியற்காலை, கொழுந்து பறிக்கும் அந்த அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் பேச்சில்லை. நல்லவேளை, டூட்டி மாற வந்த சீனியர் உடனே சர்க்கரை பார்த்து டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றினார். உயிர் பிழைத்தது.

விசாரணையில் என்ன நடந்தது தெரியுமா? அந்த ரிஜிஸ்டரை எடுத்து வைத்தார்கள். “இன்சுலின் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்திருக்கிறோம், இதோ உங்கள் கையெழுத்து.” அப்படி ஒரு வகுப்பே நடக்கவில்லை. மெமோ அவளுக்கு. 100 பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சை ட்ரேயில் வைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே நடக்காத வகுப்புக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நேரடியாக மறுக்க முடியாத இடமென்றால், “நான் அன்று டூட்டியில் இருந்தேன், எனக்கு ஒரு நாள் வகுப்பு வையுங்கள்” என்று தலைமை நர்சான மேட்ரனுக்கு நாலு வரி எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். கேட்பது சண்டையில்லை. டாக்டர் போனில் மருந்து சொன்னால் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது எப்படி, பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை ஏன் மற்ற ஆம்பூலோடு வைக்கக் கூடாது என்பதையெல்லாம் யாராவது உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும். ராத்திரியில் டாக்டர் இல்லாத தோட்ட ஆஸ்பத்திரிக்கு இது இன்னும் அவசியம்.

அப்புறம் லீவு. அனுமதி பெற்ற வகுப்புகள் பெரும்பாலும் கோயம்புத்தூரில், சில ஊட்டியில். கூடலூரிலிருந்து ஊட்டிக்கே 50 கிலோமீட்டர், மழைக்காலத்தில் மண் சரிந்தால் பஸ் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் வகுப்புக்கு இரண்டு நாள் போகும். அரசு ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் ஓ.டி., அதாவது வகுப்பு நாளையும் டூட்டியாகவே கணக்கு வைக்கும்படி, கேட்டு எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாக “போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, சம்பளப் பட்டியலில் லீவாகக் கழித்த கதை எனக்குத் தெரியும். ஒப்பந்த நர்சிடம் “உங்களுக்கு ஓ.டி. கிடையாது” என்பார்கள். அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள்.

பெயர் விஷயத்தில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். நர்சுகளுக்கான தேசியப் பதிவேட்டில் உங்களுக்கு ஒரு தனி எண் கொடுப்பார்கள். அது ஆதாரை ஒட்டியது. ஆதாரில் கணவர் பெயர், கவுன்சில் சான்றிதழில் அப்பா இனிஷியல் என்றிருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். பழைய செல் நம்பர் ஆதாரில் இருந்தால் ஓ.டி.பி. வராது. இதை வகுப்புக்குப் போவதற்கு முன்பே சரி செய்யுங்கள். புதுப்பிக்கும் வாரத்தில் ஆதார் திருத்தத்துக்கு அலைய முடியாது.

கூடலூர், பந்தலூரில் கேரளாவிலோ கர்நாடகாவிலோ படித்தவர்கள் அதிகம். அங்கே பதிவு இருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள். இங்கே வேலை பார்க்க இங்கே பதிவு வேண்டும். அதற்குப் பழைய கவுன்சிலின் தடையில்லாச் சான்று வேண்டும், அது வரும் என்று காத்திருந்தே மாதங்கள் ஓடிவிடும். முதல் வேலையாக அதற்கு எழுதிப் போடுங்கள்.

நர்சிங் உதவியாளராக இருப்பவர்களுக்குக் கவுன்சில் பதிவு கிடையாது, மணிக்கணக்கும் கிடையாது. ஆனால் ஊசி போடச் சொல்லி ட்ரேயை நீட்டுவார்கள். தப்பு நடந்தால் “இவர் நர்சே இல்லை” என்று கை கழுவுவதும் அவர்களேதான். ஊசியைக் கையில் எடுக்காதீர்கள்.

மருந்தால் யாருக்காவது ஒவ்வாமை வந்தால் டாக்டர்தான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை, நர்சும் தெரிவிக்கலாம். மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. தெரிவித்தவர் பெயரை வெளியே விட மாட்டார்கள், தெரிவித்ததால் தப்பை ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது.

கவுன்சிலுக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லையென்றால், உடனே ராத்திரி பஸ் பிடித்து சென்னைக்கு ஓடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி “என் விண்ணப்பம் யார் மேஜையில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். பந்தலூர்ப் பெண்ணுக்கும் இதைச் சொல்லி வைத்தேன். தேறிய மூன்று சான்றிதழையும் பிளாஸ்டிக் கவரில் தனியாகப் போட்டு, மற்ற எட்டையும் தூக்கி எறியாமல் ஃபைலிலேயே வைக்கச் சொல்லி அனுப்பினேன். நாளைக்கு யாராவது பயிற்சியே எடுக்கவில்லை என்று மெமோ கொடுத்தால் அந்த எட்டு உதவும்.