காலவெளி: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ஸ்பேஸ்டைம். 1908 செப்டம்பரில் கொலோன் நகரில் கணித அறிஞர் ஹெர்மான் மின்கோவ்ஸ்கி ஆற்றிய உரைதான் இந்தக் கருத்தை நிலைநிறுத்தியது. இடம் தனி, காலம் தனி என்ற பேச்சு இனி எடுபடாது, இரண்டும் சேர்ந்த ஒன்றுதான் நிற்கும் என்றார்.

வெறும் தத்துவம் இல்லை இது. இருக்கும் இடமும் போகும் வேகமும் கடிகாரத்தின் ஓட்டத்தையே மாற்றும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளில் உள்ள கடிகாரம், மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் நாளுக்கு சுமார் 45 மைக்ரோநொடி முந்துகிறது. வேகத்தால் 7 பிந்துகிறது. மிச்சம் 38. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடத்தைக் காட்டும் கணக்கு பத்து கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'வெளி'யில் சிக்கல் இல்லை. வெட்டவெளி, விண்வெளி எல்லாம் நம் வாயில் புழங்குபவை. 'காலம்' அப்படியில்லை. அகராதிகள் வடமொழி 'கால'வைக் காட்டும். தனித்தமிழ் அறிஞர்கள் 'கால்' என்ற வேரைச் சொல்வார்கள். வழக்குத் தீரவில்லை.

இந்தச் சர்ச்சையே இல்லாத சொல் 'பொழுது'. தெலுங்கில் பொத்து, கன்னடத்தில் ஹொத்து. "பொழுது சாஞ்சிருச்சு, மாட்டை ஓட்டிட்டு வா" என்னும்போது சாய்வது சூரியன். அதுவே நேரமும் ஆகிறது. தொல்காப்பியம் முதற்பொருளை, அதாவது பாட்டுக்கு அடிப்படையான களத்தை, சொல்லும்போது "நிலம் பொழுது இரண்டின் இயல்பு" என்று இடத்தையும் நேரத்தையும் ஒன்றாகவே வைக்கிறது. (உடனே 'ஐன்ஸ்டைனுக்கு முன்பே' என்று கிளம்பிவிட வேண்டாம். அது பாட்டின் களம், இயற்பியல் இல்லை.) அதே நூல் வினைச்சொல்லைப் பேசுமிடத்தில் "காலம் தாமே மூன்றென மொழிப" என்கிறது: இறப்பு, நிகழ்வு, எதிர்வு.

இந்த மூன்றில்தான் மெய்யியலாளர் மக்டகார்ட் கைவைத்தார், அதுவும் அதே 1908இல். ஒரே நிகழ்ச்சி எதிர்காலம், நிகழ்காலம், இறந்தகாலம் மூன்றுமாக இருப்பது முரண், ஆகவே காலமே இல்லை என்பது அவர் வாதம். மின்கோவ்ஸ்கியின் காலவெளியிலும் எல்லோருக்கும் பொதுவான 'இப்போது' கிடையாது. அந்த வகையில் மூன்று காலத்தைச் சுமந்து வரும் 'காலம்' இங்கே கொஞ்சம் இடறத்தான் செய்கிறது.

'வெளிநேரம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. நேரம் என்றாலே மணி பார்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது. பொருளுக்குப் பொருந்துவது 'நிலப்பொழுது'. ஆனால் அதை யாரும் சொல்லப்போவதில்லை. ஊன்றிவிட்ட 'காலவெளி'யே இருக்கட்டும். எழுதும்போது மட்டும் சேர்த்து எழுதுங்கள். நடுவில் இடம் விட்டால் மின்கோவ்ஸ்கி ஒட்டியதைப் பிரித்தாகிவிடும்.