கிளவுட் இன்வெர்ஷன்: கவிழ்ந்தது மேகமா?

டிசம்பர், ஜனவரியில் மலையேறிவிட்டு வந்தவர்கள் காட்டும் படங்களில் ஒரு காட்சி தவறாமல் இருக்கும். காலுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று மேகம், அதற்குள்ளிருந்து தீவுகள்போலத் தலைநீட்டும் மலைமுகடுகள். இதற்குப் பெயர் ‘கிளவுட் இன்வெர்ஷன்’ என்பார்கள். தமிழில் ‘மேகத் தலைகீழாக்கம்’ என்று எழுதத் தோன்றும். சொல்லுக்குச் சொல் சரிதான், பொருள்தான் கவிழ்ந்துவிடும்.

இன்வெர்ஷன் லத்தீன் வழி வந்த சொல். ‘வெர்டெரே’ என்றால் திருப்புதல், ‘இன்வெர்டெரே’ என்றால் கவிழ்த்தல். வானிலைத் துறையினர் இதை வெப்பநிலைக்குத்தான் சொல்கிறார்கள். மேலே போகப் போகக் குளிரும். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சில இரவுகளில் இந்தக் கணக்கு புரண்டு, கீழே குளிரும் மேலே கதகதப்புமாக ஆகிவிடும். அதுதான் இன்வெர்ஷன். பிரிட்டனில் லேக் டிஸ்ட்ரிக்ட், ஸ்காட்லாந்து மலைகளில் நடப்பவர்கள் வெப்பநிலையை விட்டுவிட்டு, கண்ணில் பட்ட மேகத்தை அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டார்கள். மேகம் எங்கும் கவிழவில்லை, பாவம். அது பாட்டுக்குக் கிடக்கிறது.

புரள்வது எப்படி என்பதை ஊட்டிக்காரர்களிடம் கேட்டால் போதும். மேகமில்லாத, காற்றசையாத குளிர்கால இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, சரிவில் தண்ணீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் உறைபனி முதலில் தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களின் புல்வெளியில் வெள்ளை பூசுகிறது. மேட்டில் இருப்பவர் தப்பித்துக்கொள்வார். பள்ளத்தில் ஈரம் மிகுந்திருந்தால் அங்கே மூடுபனி திரளும். மேலே நிற்கும் வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல அதை அமுக்கி வைக்கும். அந்த மூடியைப் பார்க்க வேண்டுமானால், விடியலில் பள்ளத்து வீட்டு அடுப்புப்புகையைக் கவனியுங்கள். நேராக எழும்பி, ஓர் உயரத்தில் முட்டிக்கொண்டு, பக்கவாட்டில் தட்டையாகப் படரும். போகிப் புகை சென்னையை விட்டுப் போகாமல் கிடப்பதற்கும் பெரும்பாலும் இதே மூடிதான் காரணம்.

ஆக, நமக்கு வேண்டியது இரண்டு சொற்கள். காரணத்துக்குத் ‘தலைகீழ் வெப்பநிலை’ போதும். காட்சிக்கு வேறு வேண்டும். ஜப்பானியர் ‘உன்காய்’ என்கிறார்கள், மேகக்கடல் என்று பொருள். இலையுதிர்கால விடியலில் தக்கேதா கோட்டை அதில் மிதப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடும். ஸ்பானியர்களின் ‘மார் டே நூபெஸ்’ஸும் மேகக்கடல்தான். ஜெர்மானியர் மட்டும் ‘நேபல்மேர்’, அதாவது பனிமூட்டக் கடல் என்கிறார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். மேலே நிற்பவருக்கு அது மேகம். அதே நேரம் கீழே ஹெட்லைட் போட்டு ஊர்ந்துகொண்டிருப்பவருக்கு மூடுபனி. பொருள் ஒன்று, பார்க்கும் இடம்தான் வேறு. மேகக்கடல் என்றால் மேலே இருப்பவர் கட்சி ஆகிவிடுகிறோம். ‘முகிற்கடல்’ கேட்க அழகு. ஆனால் லகரம் றகரமாகும் புணர்ச்சியை விளக்கிக்கொண்டே மலையேற முடியாது.

எனக்குப் பிடித்தது மஞ்சு. மேகம், பனி என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. ‘மஞ்சு தவழும் மலை’ என்பது நம் காதுக்குப் பழகிய தொடர்தான். மலையாளத்தில் ‘மஞ்ஞு’ பனியைக் குறித்து இன்றும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. ‘மஞ்சுக்கடல்’ என்றால் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ளலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காலுக்குக் கீழே மேகம் தெரிந்தாலே இன்வெர்ஷன் ஆகிவிடாது. மழைக்காலத்தில் அடிவாரத்தை உரசிக்கொண்டு ஓடும் மேகக் கூட்டத்தையும் மேலிருந்து பார்க்கலாம். அது பொங்கிப் பொங்கி எழும். மேல்பரப்பு காலிஃபிளவர்போல மேடும் பள்ளமுமாக இருக்கும். மூடி போட்ட மஞ்சு தட்டையாக, அசையாமல் கிடக்கும்.

கொழுக்குமலைக்குப் போனால் பொறுமையாக இருந்து பாருங்கள். தேனி மாவட்டத்து மலைதான், ஆனால் ஜீப் பிடிப்பது கேரளத்துச் சூரியநெல்லியில். சூரியன் வந்ததும் படம் எடுத்துவிட்டுப் பலர் திரும்பிவிடுவார்கள். வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி கழன்றுவிடும். தட்டையாகக் கிடந்தது ஓரங்களில் பிசிறுபிசிறாகப் பிரிந்து, தேயிலைச் சரிவில் மெல்ல ஏறும். எதிரே நின்ற முகடு காணாமல் போகும். அப்புறம் பக்கத்தில் நிற்பவரின் தொப்பியில் பொடிப்பொடியாக நீர் கோத்திருக்கும்.