கழுவிய கோகோபீட்டும் அடி கறுக்கும் தக்காளியும்

“கோகோபீட் (தேங்காய் நார்த்துகள்), மண்புழு உரம், செம்மண் மூன்றையும் சம பங்கில் நானே கலந்து குரோ பேக்கில் தக்காளி நட்டேன். மூன்று வாரத்தில் இலை ஓரம் கருகியது. இப்போது காயின் அடி கறுத்து அமுங்குகிறது. முட்டை ஓட்டுத் தூள் போட்டும் நிற்கவில்லை. மண்ணில் என்ன குறை?” மாடித்தோட்டக்காரர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது.

எல்லாப் பழியையும் மண் மேல் போட வேண்டாம். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். எந்த உரத்தாலும் அது சரியாகாது. அடி இலைகள் சீராக வெளிறினால் நைட்ரஜன் போதவில்லை. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை. ஈர மண்ணிலேயே செடி வாடினால் வேருக்குக் காற்று இல்லை. பையின் அடித்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஓரம் கருகுவதும் காயின் அடி கறுப்பதும் சேர்ந்து வந்தால் சந்தேகம் கோகோபீட் மேல்தான் விழ வேண்டும். தேங்காய் மட்டையில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே அதிகம். மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்திருந்தால் சோடியம் இன்னும் கூடும். “இரண்டு மூன்று முறை கழுவிவிட்டேனே” என்பார்கள். அந்தக் கழுவல் பாதி வேலையைத்தான் முடிக்கிறது.

நார்த்துகளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருளின் அமிலத் தொகுதிகளால் அதன் மேற்பரப்பு முழுவதும் எதிர்மின் இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் ஒரு நேர்மின் அயனி ஒட்டியிருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு கழுவினால் போய்விடும். ஒட்டியிருக்கும் பொட்டாசியம் அப்படிப் போகாது, ஏனென்றால் அந்த இருக்கை காலியாக இருக்கவே முடியாது. வேறொரு நேர்மின் அயனி வந்து உட்கார்ந்தால்தான் உட்கார்ந்திருப்பது எழும். சுத்தமான தண்ணீரில் உட்கார வர ஆளே இல்லை. அதனால் மழைநீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ பத்து முறை கழுவினாலும் அது அங்கேயே இருக்கும். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் இந்த ஒரு வேலையில் அவற்றைவிட மேல். அதில் கால்சியம் இருக்கிறது.

கால்சியத்துக்கு இரண்டு மின்னூட்டம். அது அமர இரண்டு இடம் வேண்டும்; இரண்டு பொட்டாசியம் எழுந்தாக வேண்டும். 1850-இல் இங்கிலாந்தில் வேளாண் வேதியியலாளர் ஜான் தாமஸ் வே, மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் உப்புக் கரைசலை ஊற்றினார். அடியில் சொட்டியதில் அம்மோனியம் இல்லை, கால்சியம் இருந்தது. மண் வெறும் சல்லடை அல்ல, கொடுத்து வாங்கும் சந்தை என்பது அன்று தெரிந்தது. உங்கள் குரோ பேக்கிலும் அதுதான் நடக்கிறது. செடிக்கென்று ஊற்றும் கால்சியத்தை நார்த்துகள் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. வேருக்கு உப்பு கூடுகிறது, கால்சியம் குறைகிறது. கால்சியம் செடிக்குள் நீரோட்டத்தோடு மட்டுமே நகரும். இலை நிறைய நீராவி விடுவதால் அதற்குக் கிடைத்துவிடும். காய்க்குக் கிடைப்பது குறைவு, அதிலும் அடி நுனிக்கு மிகக் குறைவு. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். நன்றாகப் பொடித்தாலும் அது கரைய மாதக்கணக்காகும். இந்தப் பருவத்துக் காய்க்கு உதவாது. திருஷ்டிப் பொம்மையும் உதவாது, கால்சியம்தான் உதவும்.

புதிதாகக் கலப்பவர்கள் 5 கிலோ கட்டியை ஊறவைத்து உதிர்த்து, சாதாரணத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பிறகு 100 முதல் 150 கிராம் கால்சியம் நைட்ரேட்டை, துகள் முழுவதும் மூழ்கும் அளவு தண்ணீரில், சுமார் 60 லிட்டரில், கரைத்து ஊற்றி ஓர் இரவு விடுங்கள். வடித்துவிட்டு மறுபடி ஒரு முறை அலசுங்கள். வடிந்த நீரை வேறு தொட்டிக்கு ஊற்றாதீர்கள்; வெளியேறிய பொட்டாசியமும் சோடியமும் அதில்தான் உள்ளன. ரசாயன உரம் வேண்டாம் என்பவர்களுக்கு ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) போதும், 120 கிராம். லிட்டருக்கு இரண்டு கிராம் அளவில்தான் அது கரையும் என்பதால் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. எப்சம் உப்பும் (மெக்னீசியம் சல்பேட்) கொடுப்பதாக இருந்தால் கால்சியம் நைட்ரேட்டோடு ஒரே வாளியில் அடர்த்தியாகக் கரைக்காதீர்கள். ஜிப்சமாகி அடியில் படிந்துவிடும்.

ஏற்கெனவே செடி நிற்கும் பைகளுக்கு, லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, அடியில் நன்றாக வடியும்வரை வாரம் ஒரு முறை என மூன்று வாரம் ஊற்றுங்கள். கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள். அடுத்து வரும் பிஞ்சுகளைத்தான் கவனிக்க வேண்டும்.

உப்பை அளக்க ஒரு பங்கு கலவையை இரண்டு பங்கு ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கி, அரைமணி நேரம் கழித்து வடிகட்டி டி.டி.எஸ். மீட்டரை வையுங்கள். 900-க்கு மேல் காட்டினால் நாற்று தாங்குவது கடினம். ஆனால் அந்த மீட்டருக்குத் தண்ணீரில் இருக்கும் உப்புதான் தெரியும், துகளில் ஒட்டியிருப்பது தெரியாது. நன்றாகக் கழுவிய கோகோபீட் குறைந்த எண்ணையே காட்டும், உள்ளே பொட்டாசியம் நிறைந்திருந்தாலும். ஆகவே கட்டியின் உறையில் வெறுமனே “கழுவியது” என்று அச்சிடுவது போதாது. கால்சியம் ஏற்றப்பட்டதா, இல்லையா என்பதையும் அச்சிட வேண்டும் என்று சட்டமே வர வேண்டும். அதுவரை, உறையில் எதுவும் எழுதியிராத கட்டியை ஏற்றப்படாதது என்றே வைத்துக்கொண்டு ஊறப்போடுங்கள்.